சூடாகாத கம்பியும் ஈரத் துண்டும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம், அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க விரும்புகிறேன் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டேன். இங்கு அனைவரும் நலமா என்பதைக் கீழே படித்துத் தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்துகள் கோட்டில் நிற்காமல், ஓடுகிற பஸ்ஸில் பிடிக்கக் கம்பி கிடைக்காதவர்கள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. சில இடங்களில் தாள் கிழிந்திருக்கும். அது பேனாவை அழுத்தியதால். கோபத்தில் கிழிந்த இடமும் ஒன்று உண்டு, அங்கே சொல்கிறேன். இது நான் என் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். இதுவரை என் பெயரில் தங்களுக்கு வந்தவை எல்லாம் நான் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுதியவை. நான் மூச்சுவிடாமல் சொல்லுவேன், அவர் தலையாட்டிக்கொண்டே எழுதுவார், கடைசியில் பார்த்தால் தாளில் மூன்றே வரி இருக்கும். இவ்வளவு பேச்சும் மூன்று வரிக்குள் அடங்குகிறதே, எழுத்து என்பது எத்தனை சிக்கனமான பொருள் என்று வியந்திருக்கிறேன். மாலை வகுப்புக்குப் போய் எழுதப் பழகிய பிறகுதான் தெரிகிறது, ஒரு வரியில் ஒரு வரிதான் அடங்கும்.

தங்கள் கடிதத்தை நானே படித்தேன், யார் உதவியும் இல்லாமல், விரலை வைத்துக்கொண்டு. மாப்பிள்ளையின் வேலைக்கு இந்த மாதத்தோடு தவணை முடிகிறது, அதற்குள் அவர் ஆராய்ச்சி தேறுமா தேறாதா என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், தேறாது என்றால் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போய்க் கடையில் உட்கார வைக்கிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

தாங்கள் கம்பி வியாபாரம் செய்பவர். சுருள் சுருளாகத் தொங்கவிட்டு மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறீர்கள். தங்கள் மகனும் கம்பிதான் பார்க்கிறார், ஆனால் அவர் கம்பி கண்ணுக்குத் தெரியாது. தலைமயிரைப் பல ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒரு கீற்று எவ்வளவோ அவ்வளவு என்கிறார். சரி, அது கையிலாவது இருக்கிறதா என்றால் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அங்கேயும் கம்பியாக இல்லை, கணக்காக இருக்கிறது. அந்தக் கம்பியில் அயனி என்று கனத்த ஆசாமிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களாம், இருந்த இடத்திலேயே லேசாக ஆடிக்கொண்டு. எலக்ட்ரான்கள் அவர்களுக்கு நடுவே ஓடுகிற பொடிசுகள். கரண்டு விட்டால் பொடிசுகள் ஓடும், ஓடும்போது பெரியவர்களை இடிக்கும், பெரியவர்கள் கூடுதலாக ஆடுவார்கள், அந்த ஆட்டத்துக்குத்தான் சூடு என்று பெயராம். ஆட்டம் எல்லை மீறினால் கம்பி அறுந்துபோகும். பெரியவர் நகர்ந்தால் பொடிசு ஓடும் வழி மாறும், வழி மாறினால் பெரியவர் வேறு பக்கம் தள்ளப்படுவார், ஆகையால் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும், ஒன்றை நிறுத்திவைத்து இன்னொன்றைப் பார்க்க முடியாது என்றார். இதென்ன பிரமாதம், குடும்பம்தானே என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் அவர் கணக்கில் கம்பி சூடாகவில்லை. சூடாகாதது மட்டும் இல்லை சம்பந்தி, கரண்டு ஓட ஓடக் குளிர்ந்துபோகிறதாம். இடி வாங்க வேண்டிய அயனிகள் இருந்த ஆட்டத்தையும் குறைத்துக்கொண்டு தியானத்தில் உட்கார்ந்துவிடுகின்றனவாம். இப்படி ஒரு கம்பி தங்கள் கடைக்கு வந்தால் எதிரே ஃபிரிட்ஜ் விற்கிறவன் கடையை மூட வேண்டியதுதான். ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“மாமா, பஸ்ல நெரிசல்ல நிக்கிறீங்க. இடது பக்கம் ஒருத்தன் முழங்கையால இடிக்கிறான், வலது பக்கமும் ஒருத்தன் இடிக்கிறான். ரெண்டையும் சேத்து சராசரி எடுத்தா என்ன வரும்?”

“என்ன வரும்?”

“உங்கள யாருமே இடிக்கலன்னு வரும்.”

“அப்ப என் விலா ஏன் வலிக்குது?”

“அந்த வலியத்தான் மாமா என் கணக்கு விட்டுடுச்சு” என்றார் பாவம், ஏதோ பெரிய துக்கம் சொல்வது போல.

ஆகவே அந்த வலியைக் கணக்கில் சேர்க்கப் புறப்பட்டார். ஒவ்வொரு முழங்கையையும் தனித்தனியாகக் கணக்கில் எடுப்பது என்றால் லேசா? ஆய்வுக்கூடத்தில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வரிசையில் நிற்க வேண்டும், இவர் முறை வருவதற்குள் வேலையே முடிந்துவிடும். அதனால் அங்கே கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து கூடத்தில் என் கட்டில் கிடந்த இடத்தில் வைத்தார். கட்டில் சமையலறை வாசலுக்குப் போயிற்று. பெட்டி ஒரு விநாடிகூட ஓயாது, தண்ணீர் மோட்டார் போல இரைகிறது. அதோடு இன்னொரு பெட்டி போட்டால் ஃபியூஸ் போய்விடும். கம்பி வியாபாரியின் மகன் குடியிருக்கும் வீட்டில் வயரிங் இந்த லட்சணம். எனவே வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குத் தடை. சம்பந்தி, நான் லாண்டரியில் வாழ்நாளைக் கழித்தவன். ஊரார் சட்டைகளை எல்லாம் கத்தி மடிப்பில் அனுப்பிய என்னைக் கசங்கிய சட்டையோடு வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். டீச்சர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பொறுக்க முடியாமல் ஒருநாள் காலர் மட்டும் என்று இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். காலர் பாதி, வீடு முழுக்க இருட்டு, மாப்பிள்ளையின் கணக்கு மொத்தமும் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து வந்தவரைக்கும் அவ்வப்போது சேமித்து வைக்கும்படி பெட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பெட்டி ஓடுகிறது, இவர் அதற்கு எதிரே உட்கார்ந்து திரையைப் பார்த்தபடியே இளைக்கிறார். என் மகளுக்குப் பல் மருத்துவமனையில் நின்றுகொண்டே செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் இந்தக் காட்சி. ஒருநாள் வெடித்துவிட்டாள். “அடுப்புல வச்சத நிமிஷத்துக்கு ஒருதரம் தெறந்து பாத்தா எதுதான் வேகும்? முடியிற வரைக்கும் பாக்க மாட்டேன்னு சொல்லுங்க” என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதே சூட்டில் தங்கள் கடிதத்தைப் பற்றியும் பேச்சு வந்து, “கடைக்குப் போறதுன்னா நீங்க மட்டும் போங்க, என் வேலைய விட்டுட்டு நான் வரல” என்றும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வது என் வழியாகத்தான். ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, அப்பா, அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்பாள் அவள். மாமா, பசியில்லை என்று சொல்லுங்கள் என்பார் இவர். அவள் சொல்வதில் பாதிக் காரத்தை எடுத்துவிட்டு, இவர் சொல்லாததில் கொஞ்சம் சர்க்கரையைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் முழங்கை, நடுவில் என் விலா. இத்தனை நாளாக நலம் நலம் என்று தங்களுக்கு வந்த அந்த மூன்று வரிகள் என்ன என்று இப்போது எனக்குப் புரிகிறது. சராசரி.

இந்த லட்சணத்தில் மழை வேறு பிடித்துக்கொண்டது. பால்கனிக் கொடியில் போட்டது எதுவும் காயவில்லை, போட்டதைவிட ஈரமாகத் திரும்பி வருகிறது. அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகளிலிருந்து வெதுவெதுவென்று காற்று வருகிறது. லாண்டரிக்காரன் கை சும்மா இருக்குமா? முதலில் ஒரு கைக்குட்டையைக் காட்டினேன், அப்பளம் மாதிரி காய்ந்தது. அப்புறம் காலுறை. நான் வேலை பார்த்த இடத்து மெஷினில்கூட இப்படிச் சீராகக் காய்ந்ததில்லை. உள்ளே இருக்கிற கம்பி சூடாகவே மாட்டேன் என்கிறது, அந்தக் கணக்கைப் போடுகிற பெட்டி அடுப்பாகக் கொதிக்கிறது, இதில் எது பொய் என்று யோசித்துக்கொண்டே கெட்டியான குளியல் துண்டை இரண்டாக மடித்து ஓட்டைகளின்மேல் நன்றாக அணைத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் ஏறி ஏறி உச்சத்துக்குப் போய்ப் பொட்டென்று நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனையோ நாளாயிற்று, அப்பாடா என்று கண்ணை மூடி உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தபோது மாப்பிள்ளை எதிரே நிற்கிறார். திரை கறுப்பாக இருக்கிறது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் என் கட்டிலைப் பற்றியும் காலரைப் பற்றியும் நாலு வார்த்தை பேசி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் துண்டை எடுத்தார், ஓர் உதறு உதறினார், நான் மடிப்பது போலவே நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

“காஞ்சிடுச்சு மாமா” என்றார்.

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மரியாதை தெரிந்த மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு மாமனார் படுகிற பாட்டை எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுப்பதில்லை. பேச வேண்டியதை எல்லாம் மகள் வந்து பேசினாள். “அவரு வேலையே போகப் போகுது, நீங்க துண்டு காயப் போட்டீங்களா? வீட்ல வேற எடமே இல்லையாப்பா?” என்றாள். இடம் இருக்கிறது, ஆனால் வேறு எதுவும் சூடாகவில்லையே என்று உண்மையைச் சொன்னேன். அதன்பிறகு என் வழியாகப் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே சம்பந்தி, தாங்கள் கேட்டதற்குப் பதில், தேறாது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அழைத்துக்கொண்டு போங்கள். கடைக்கு ஏற்ற ஆள்தான். வாடிக்கையாளர் எது செய்தாலும் மடித்துக் கையில் கொடுப்பார். மகள் கோபம் தணிந்ததும் வந்து சேர்வாள். அவள் வந்தால் நானும் வர வேண்டியிருக்கும். வகுப்பு பாதியில் நிற்கும். டீச்சர் இப்போதுதான் விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இந்த இடத்தில் தாள் கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும்.

சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி நீங்கட்டும். தங்கள் கடையில் சுருள் தீரத் தீரப் புதுச் சுருள் வந்துகொண்டிருக்கட்டும். வயதில் மூத்தவன் என்ற முறையில் இருவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி
(இது கையெழுத்து. கைநாட்டு இல்லை.)

பின்குறிப்பு: கடிதம் முடிந்த பிறகும் எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு என்று டீச்சர் சொன்னபோது, முடிந்த பிறகு என்ன எழுதுவார்கள் என்று நினைத்தேன். இதைத்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து நின்று, “மாமா, அறுந்துடுச்சு” என்றார். எழுந்து பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன், கொடி நன்றாகத்தான் இருந்தது. “கொடி இல்ல மாமா, கம்பி” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். விஷயம் என்னவென்றால், துண்டு போட்ட அன்று பெட்டி ஆறியதும், போனது போகட்டும் என்று அதுவரை சேமித்ததைத் திறந்து பார்த்திருக்கிறார். என் மகள் வாங்கிய சத்தியத்தால் அதுவரை பார்க்காமல் இருந்தவர். பார்த்தால் அயனிகள் சூடேறத் தொடங்கியிருக்கின்றன. யாரிடமும் மூச்சுவிடாமல், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டிருக்கிறார். பெட்டி திரும்பவும் இரைந்தது எனக்கும் கேட்டது, தோற்றவன் மனத்தை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று நான்தான் கேட்கவில்லை. இன்று மத்தியானம், நிஜக் கம்பி போலவே சூடேறிக் கம்பி அறுந்துவிட்டது, கணக்கு தேறிவிட்டது. எனக்கும் காட்டினார். வரிசையாக இருந்த புள்ளிகள் நடுங்கின, நடுவில் ஒன்று வழுக்கியது, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. சொல்லவில்லை, எனக்கும் மரியாதை தெரியும்.

மகள் வேலையிலிருந்து வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், “சாப்டீங்களா?” என்று கேட்டாள். அவரையே கேட்டாள், என் வழியாக இல்லை.

“இல்ல. பயங்கரமா பசிக்குது” என்றார் அவர்.

என் விலா வலி அத்தோடு போயிற்று. ஆய்வுக்கூடத் தலைவியம்மாவும் போனில் பேசி, இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிறேன் என்று வாய்ச்சொல் கொடுத்துவிட்டார். தங்கள் கடையில் வாங்கிய கம்பி அறுந்தால் ஆள் சண்டைக்கு வருவான். இங்கே கம்பி அறுந்ததற்கு வேலை கிடைக்கிறது. பெட்டியை இன்று ஓய்வாக அணைத்து வைத்திருக்கிறார்கள், நான் வீட்டில் இருக்கிற சட்டை எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு முடித்துவிட்டேன்.

ஆகவே தாங்கள் அழைத்துப் போக வர வேண்டாம். டிக்கெட் வீணாகக் கூடாது என்றால் பார்த்துவிட்டுப் போக வாருங்கள், வரும்போது இந்த வீட்டு வயரிங்குக்கு நல்ல கம்பியாக ஒரு சுருள் கொண்டு வாருங்கள், சூடாகாத கம்பியாக. மேலே எழுதியிருக்கும் எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் மனம் வரவில்லை, அத்தனையும் நான் உட்கார்ந்து எழுதியது. எழுத்தை மட்டும் பாருங்கள், முக்கியமாக மாப்பிள்ளை என்ற சொல் போகப் போக எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த வாரம் வேறு ஒன்று எழுதுகிறேன். துண்டை இப்போது குளியலறைக் கதவில்தான் போட்டிருக்கிறேன், காய்ந்தபாடில்லை, அதைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.