அடுப்படிக்குப் போன ஸ்பீக்கர் வயர்

விருதுநகர்
12.9.2004

அன்பு மனைவி பைரோஜாவுக்கு, உன் கணவன் அலி அக்பர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உன் துஆ பரக்கத்தால் நானும் வீடும் கூரையோடு நிற்கிறோம். ஷார்ஜாவில் நீயும், மகள் நாதியாவும், மருமகன் தவுபிக்கும், நான் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிற பேத்தி ஹஸ்னாவும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. உன் விசாவை மறுபடியும் நீட்டலாமா என்று மருமகன் போனில் கேட்டார். தாராளமாக நீட்டட்டும். நோன்பையும் பெருநாளையும் அங்கேயே முடித்துக்கொண்டு ஆற அமர வா. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஒரே ஒரு தொந்தரவு, மருமகன் அனுப்பிய ஸ்டீரியோதான். நீ பேசி அனுப்பிய கேசட்டை ஹாலில் போட்டுக் கேட்டேன். குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் நீ என்றைக்கு ஹாலில் உட்கார்ந்து பேசியிருக்கிறாய்? யாரோ சம்பந்தி வீட்டு அம்மாள் வந்து விசாரிப்பது போல இருந்தது. அதனால் ஒரு ஸ்பீக்கரை மட்டும் அடுப்படியில், மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெட்டியையே அங்கே தூக்கி வைக்கலாமே என்பாய். எண்ணெய்ப் புகை பட்டால் பாழாய்ப் போகும் என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே காலிங் பெல்லுக்கு வாங்கி மிஞ்சிய வயரை ஒட்டுப்போட்டு, ஹால் சுவரைச் சுற்றி, நடை வழியாக அடுப்படிவரை இழுத்தேன். போட்டால், காய்ச்சலில் படுத்துக்கொண்டு முனகுகிறவள் மாதிரி நீ பேசுகிறாய். எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே ஷார்ஜாவுக்குப் போன் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீங்க எதுக்குப் பதறுறீக?" என்றாய். அதற்குள் பேத்தி அழுதுவிட்டாள், நீ வைத்துவிட்டாய். பதறியதற்குக் காரணம் காலிங் பெல் வயர்தான்.

இந்தச் சமயம் பார்த்து உன் தம்பி சாபிர் வந்தான். தீபாவளி சீசன், எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் லோடு மேல் லோடு போகிறது என்று சொல்கிறானே தவிர, என் வீட்டு வயரைப் பார்க்க அவனுக்கு நேரம் இருந்தது. "மச்சான், இது தண்ணிக் குழா மாதிரி. மெல்லிசா இருந்தா மெல்லிசாத்தான் வரும்" என்றான். மறுநாள் போர் மோட்டாருக்குப் போடுகிற கேபிளைச் சுருளாகத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அது பெருவிரல் தடிமன். பெட்டியின் பின்னால் இருக்கிற ஓட்டையோ ஊசிக் காது. "பாதிக் கம்பிய வெட்டிருவோம், என்ன கெட்டுப்போச்சு?" என்று வெட்டித் திணித்தான். பிதுங்கிய கம்பி ஒன்று பக்கத்து ஓட்டையைத் தொட்டது போலிருக்கிறது. 'டப்' என்றது, கொஞ்சம் புகை வந்தது. நான் திரும்புவதற்குள் உன் தம்பி தெருவில் நிற்கிறான். "மச்சான், வெளிய வாங்க! தண்ணிய ஊத்திராதீக!" என்று அவன் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் பழகின கால் அப்படி. நல்லவேளை, ஃபியூஸ் மட்டும்தான் போயிருந்தது, மாற்றிவிட்டேன்.

பிறகுதான் பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். முழுக்க அரபி. ஓதத் தெரியுமே தவிர எனக்குப் பொருளா தெரியும்? எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன். பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமி ஏதோ துஆ ஓதுகிறேன் என்று நினைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். கடைசிப் பக்கத்தில் வயர் படம் போட்டு, நீளத்துக்கு எவ்வளவு தடிமன் என்று ஒரு கட்டம் இருந்தது. எண் எல்லாருக்கும் பொதுதானே. நடையைச் சுற்றாமல் சன்னல் வழியாக நேராக அளந்தேன். காலிங் பெல்லுக்கும் போர் மோட்டாருக்கும் நடுவே, கடையில் ஸ்பீக்கருக்கென்றே சிவப்பும் கறுப்புமாக ஒட்டின வயர் வைத்திருந்தார்கள். வாங்கி வந்து சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்து, கேசட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

"ஏங்க, சாப்பிட்டீகளா? ரசத்துக்கு உப்புப் போட்டீகளா, மறந்துட்டீகளா?"

அப்படியே நீதான். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நான் கரண்டியும் கையுமாக, "இப்பத்தான் போடப் போறேன்" என்று சொல்லிவிட்டேன், பைரோஜா.

சுவருக்கு அந்தப் பக்கம் சொர்ணலட்சுமிக்கும் கேட்டிருக்கிறது. "அக்கா வந்துட்டாகளா? சொல்லவே இல்லையே!" என்று ஒரு கிண்ணம் பாயசத்தோடு ஓடி வந்தாள். அடுப்படியைப் பார்த்தாள், கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைக் காட்டினேன். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

ஆக, எல்லாம் சரியாகிவிட்டது. கவலைப்படாதே. மருமகனுக்கு என் ஸலாம். மகளுக்கும் பேத்திக்கும் அத்தாவின் துஆ. அல்லாஹ் நம் எல்லாருக்கும் நீண்ட ஆயுளைத் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
அலி அக்பர்

பி.கு.: மேலே உள்ளதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. இது உனக்கு மட்டும். விசாவை நீட்ட வேண்டாம்னு நீயே மருமகன்கிட்டச் சொல்லிரு, நான் சொன்னா நல்லா இருக்காது. அந்தக் கேசட்டு கேள்வி கேக்குது, நான் சொல்ற பதிலுக்கு நிக்காம அடுத்த கேள்விக்குப் போயிருது. நோன்பு பிறக்குறதுக்குள்ள வந்துரு புள்ள. விடியுமுன்ன ஸஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்ப ஆளில்லை.