பருந்தண்ணனும் நாலு முட்டையும்

பாறசாலையிலிருந்து பொழியூர் கடற்கரை வரை பறப்பது, ஊர்வது, பொந்தில் கிடப்பது எதுவாக இருந்தாலும் அதன் வீட்டு விலாசம் பருந்தண்ணனுக்குத் தெரியும். மனிதர்கள் விஷயத்தில்தான் தடுமாறுவார். நில அளவை ஆபீசில் நான் குமாஸ்தா, அவர் சங்கிலி பிடிக்கும் செயின்மேன். எங்கள் சர்வேயரின் பெயரைக் கடைசி வரை அவர் சரியாகச் சொன்னதில்லை.

ஒருநாள் கடலோரப் பாறை விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டிருந்தார். சாகத்தான் போகிறார் என்று நாலு மீன்காரர்கள் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

"வேய், சாவதுக்கு வேற எடம் கிட்டல்லியா?"

"செத்தா பருந்துக் குஞ்சு பறக்கியத ஆரு பாப்பா? காலை விடும்."

பெயர் அன்று வந்ததுதான்.

அவர் கையில் சங்கிலி இருந்தால் சர்வேயர் அந்த அளவை நம்ப மாட்டார். ஒரு தென்னந்தோப்பில் கீரி குட்டிகளோடு போவதைக் கண்டு, சங்கிலி முனையோடு பின்னாலேயே போய்விட்டார். அன்றைய கணக்குப்படி அந்தத் தோப்பின் பாதி கடலுக்குள் இருந்தது.

குடியிருக்கும் மண் குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த காலம். பாறைமேட்டுத் தோப்பில் ஓலைக்குடிசை போட்டிருந்த தங்கம்மைக்குப் பத்து சென்ட் அளந்து கொடுக்கப் போனோம். மூன்று மூலையில் கல் நட்டாயிற்று. நாலாவது மூலையில், குழி தோண்ட வேண்டிய அதே இடத்தில், வெறும் மண்ணில் ஆள்காட்டிக் குருவியின் நாலு முட்டைகள். பருந்தண்ணன் கடப்பாரையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"பொரிஞ்ச பெறவு நடலாம்."

தோப்புக்காரரின் காரியஸ்தன் முகம் மலர்ந்தது. கல் இல்லாத மூலையில் வேலியை எத்தனை அடி வேண்டுமானாலும் உள்ளே தள்ளலாமே. தங்கம்மை பருந்தண்ணனுக்கு நேரே வந்து நின்றாள்.

"குருவிக்கு வீடு வேணும், எனக்கு வேண்டாமா? மூணு பிள்ளையளை வச்சிட்டு நான் எங்க போவேன்?"

அவர் தலை குனிந்ததை அன்றுதான் பார்த்தேன். தோளிலிருந்த கடப்பாரையை இறக்கி வைத்தார். பிறகு எல்லைக்கோட்டின் மேலேயே, குருவி மிரளாத தூரத்தில் போய் உட்கார்ந்தார்.

"கல்லு நடுறது வர நான் இங்க உண்டு. நானாக்கும் கல்லு."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். மறுநாள் சேர்த்து வைத்த லீவை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் குடையோடு போய்விட்டார். நாலாம் நாள் காரியஸ்தன் வேலிக்கம்புகளோடு வந்தான்.

"கல்லு எங்க ஓய்?"

"கல்லுதான் பேசுது. தள்ளிப் போடே."

தாய்க்குருவியும் அவன் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. இரண்டு பேரையும் சமாளிக்க முடியாமல் அவன் திரும்பிப் போனான். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த தங்கம்மை அன்று மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் வீட்டுக்குப் போகும் நேரங்களில் காவலை அவளே எடுத்துக்கொண்டாள். குஞ்சுகள் பொரிந்து ஓடிய அன்று அண்ணன் குழி தோண்ட, தங்கம்மை தன் கையால் கல்லை இறக்கினாள்.

பிற்பாடு எனக்கு கல்ஃபுக்கு விசா வந்தது. வாட்ச், சென்ட், டேப்ரெக்கார்டர் என்று ஊரே பட்டியல் கொடுத்தது. பருந்தண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்தபோது நானாகவே ஒரு பைனாகுலர் கொண்டுவந்தேன். எல்லோரும் என் பெட்டியைச் சுற்றி நிற்க, அவர் முற்றத்துக் கோடிக்குப் போய் அதைக் கண்ணில் வைத்தார். மரத்தைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எலே, கழுத்தெலும்பு தெரியுது. அங்க ஒனக்கு நேரத்துக்குச் சோறு உண்டா?"

வந்து இறங்கியதிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. உண்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.