கத்திரிக்காய் மேல் போட்ட பழி

உப்பு, புளி, கடலை, கம்பு, கருவாடு, சொந்தக்காரன் என்று இந்த உலகத்தில் எதையுமே மூன்று நாள் பார்க்காமல் நம்பாத ஒரே மனிதர் எங்கள் மூணுநாளு அண்ணன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அது ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வந்து மூணுநாளு வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும்.

அறுபதுகளின் கடைசி அது. நான் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் அங்கே தொட்டியில் நிற்பவர். நூல் சிட்டங்களைக் கழியில் கோத்து, கொதிக்கிற சாயத்தில் முக்கிப் புரட்டி, பிழிந்து எடுக்க வேண்டும். கையுறை என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. முழங்கை வரைக்கும் ஒரு நாள் சிவப்பாக இருப்பார், ஒரு நாள் பச்சையாக இருப்பார். எந்தக் கட்சிக்கு மாறிவிட்டார் என்று டீக்கடையில் கிண்டல் பண்ணுவோம்.

அந்தக் கை ஒரு சித்திரையில் வெடித்தது. முதலில் விரல் இடுக்கில் கொப்புளம் வந்தது. அப்புறம் தோல் உரிந்து புறங்கை முழுக்கப் புண்ணாகிவிட்டது. முதலாளி தூர நின்று பார்த்தார்.

"கையச் சரி பண்ணிட்டு வாப்பா. ஆடி முடியுற வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்கும் மேலன்னா நான் வேற ஆள் போட்டுக்கிருவேன், கோவிச்சுக்கிராத" என்றார்.

அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். தறியை எப்போதோ விற்றாயிற்று. சாயத்தை விட்டால் வேறு தொழில் தெரியாது. ஆடிக்குள் கை ஆறவில்லை என்றால் குடும்பத்தோடு பட்டினிதான்.

திருச்சுழிப் பக்கம் ஒரு வைத்தியர் கெட்டிக்காரர் என்றார்கள். நானும் துணைக்கு பஸ் ஏறினேன். வைத்தியர் கையை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது தோல்ல வர்ற கரப்பான். என்னய்யா சாப்பிடுற?"

"கம்பங்கஞ்சி, சோளச்சோறு, கடல, கருவாடு, கத்திரிக்கா..."

"நிறுத்து. அம்புட்டும் கரப்பான் பண்டம். அதுலயும் கத்திரிக்கா இருக்கே, அதுதேன் மொதக் குத்தவாளி."

"அப்ப நாங்க என்னத்தத்தேன் சாமி திங்கிறது?"

"பழைய நெல்லரிசிச் சோறு, பசும்பாலு, வறுத்த உப்பு."

"எங்க கரிசக்காட்டுல நெல்லு எங்க சாமி விளையுது?"

"அதுக்கு நான் என்னய்யா செய்ய? மருந்துக்கு அதுதேன் பத்தியம்."

நாற்பத்தெட்டு நாள் மருந்து. கையில் வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் கிடக்க வேண்டும். அது முடிந்ததும் இன்னொரு நாற்பத்தெட்டு நாள் மறுபத்தியம். விட்ட பண்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒன்றைச் சேர்த்தால் மூன்று நாளைக்குப் புதிதாக வேறு எதையும் வாயில் வைக்கக்கூடாது. எதைத் தின்று கை அரிக்கிறதோ அதை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும். வாய்க்குள் என்ன போகிறது என்று அவ்வளவு நுணுக்கமாக விசாரித்த வைத்தியர், கை எதற்குள் போகிறது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த படித்த மேதாவி நானும் சொல்லவில்லை.

அவர் மனைவி, எங்களுக்கு மதினி, விடியக்காலையிலிருந்து ராட்டையில் கூலிக்கு நூல் சுற்றி அவருக்கு அரிசி வாங்கினார். அவர் வெள்ளைச் சோறு தின்பார். பிள்ளைகள் சோளக்கஞ்சியை வைத்துக்கொண்டு அவர் தட்டையே பார்க்கும். "ஏலே, அங்கிட்டுத் திரும்பித் தின்னுங்கடா, எனக்கு எறங்க மாட்டேங்குது" என்று கத்துவார். அதுகள் திரும்பி உட்காரும். அப்போதும் அவருக்கு இறங்காது.

மறுபத்தியம் தொடங்கியதும் ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். மூன்று நாள் விதியைச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புது மாப்பிள்ளையைக் கூட்டிவந்து "எப்படிண்ணே இருக்காரு நம்ம மாப்ள?" என்று பெருமையாகக் கேட்டார். அண்ணன் அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூணு நாள் போகட்டும், சொல்றேன்" என்றார். அந்த வீட்டோடு ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. சினிமா எப்படி என்றாலும் மூணு நாள்தான், புது மந்திரி எப்படி என்றாலும் மூணு நாள்தான். எதிர்வீட்டுப் பெரியவர் செத்ததற்கு, "மூணு நாள் பாத்துட்டு எடுப்பமே" என்றார் என்பது மட்டும் நாங்கள் கட்டிவிட்ட கதை.

எப்போதோ நெசவுக்கு வந்து குடியேறிய குடும்பம், அவர் வீட்டில் பேசுவது கன்னடம், தெருவில் தமிழ். ஆனால் அரிப்பெடுத்துவிட்டால் தெருவென்றும் பார்க்காமல் கன்னடத்தில்தான் திட்டு வரும். அதனால் தெரு முழுக்க அவர் வீட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. தமிழ் கேட்டால் நிம்மதி. புளி தேறியது, கம்பு தேறியது. கடலை தின்ற இரண்டாம் நாள் காலையில் கன்னடம் கேட்டது. போட்டது போட்டபடி எல்லாரும் ஓடினோம். பார்த்தால் காலில் கட்டெறும்பு கடித்திருக்கிறது.

"எறும்புண்ணே, கடல இல்ல" என்றேன்.

"நீ எப்படிடா சொல்ற? கடலத் தின்ன ஒடம்புங்கவும் எறும்பு தேடி வந்திருந்தா?" என்றார். கடலைக்கு மறுபடி முதலிலிருந்து மூன்று நாள்.

விரலில் துணி சுற்றியிருந்ததால் அவரால் எழுத முடியாது. அவர் வீட்டுச் சுவர் காலண்டரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் நேராக நான்தான் எழுதினேன். 'புளி – ஒன்றும் செய்யவில்லை. கம்பு – ஒன்றும் செய்யவில்லை.' கத்திரிக்காயைக் கடைசிக்கு வைத்திருந்தார். பயம்தான். அந்த மனுசனுக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். சின்னப் பிஞ்சாக வாங்கி, முழுசாக நாலாகக் கீறி மசால் அடைத்து எண்ணெயில் வதக்கினால் ஒரு சட்டியையும் ஒற்றை ஆளாக முடித்துவிடுவார்.

அன்றைக்கு மதினி அப்படித்தான் வதக்கினார். வாசலில் கூட்டம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அப்புறம் இரண்டு கையையும் முழங்கால் மேல் விரித்துவைத்து மூன்று நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் காலை துணியை அவிழ்த்தோம். பிறந்த பிள்ளைத் தோல் மாதிரி இருந்தது கை. "தம்பி, எழுதுடா! கத்திரிக்கா ஒண்ணுஞ் செய்யல, எழுதுடா!" என்று சின்னப் பையன் மாதிரி கத்தினார். மதினி அழுதுவிட்டார். நான் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது தொட்டிக்குப் போனார். அன்றைக்குச் சிவப்பு. பதினொரு மணி இருக்கும், பட்டறைக்குள்ளிருந்து கன்னடம் கேட்டது. கணக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கை இரண்டும் வீங்கி, விரல் இடுக்கெல்லாம் பொரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் தொட்டியைப் பார்த்தேன். 

சாயங்காலம் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, கத்திரிக்காவுக்கு நேரா எழுதியிருக்கத அடிச்சிரு. அரிச்சுச்சுன்னு எழுது."

"பொய்யில்லண்ணே அது?"

"பொய்தேன். சாயந்தேன் ஆகலன்னு சொன்னா மொதலாளி நாளைக்கே என்னய அனுப்பிருவாரு. என் தம்பியும் மச்சினனும் அதே தொட்டியிலதான நிக்கிறானுக? அவனுக கையையும் திருப்பிப் பாப்பாரு. மூணு வீட்டு அடுப்புடா. கத்திரிக்கா என்ன, எந்திரிச்சு வந்து நான் இல்லைன்னா சொல்லப்போகுது?"

அடித்து எழுதினேன். அந்தப் பொய்யை எழுதிய கை இதுதான்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எதுனாலயாம்?" என்று கேட்டார். சொல்லியிருக்கலாம். என் சம்பளமும் அதே ஆளிடம்தான். "கத்திரிக்காயாம் மொதலாளி" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் அன்னைக்கே நெனச்சேன்யா!" என்றார். அண்ணனைத் தொட்டியிலேயே விட்டுவைத்தார். தூக்குவாளியில் இனி யாரும் கத்திரிக்காய் கொண்டுவரக்கூடாது என்று அப்போதே உத்தரவும் போட்டார். பத்துப் பன்னிரண்டு தொழிலாளிகளும் கத்திரிக்காயை விட்டார்கள். அத்தனை பேர் கையும் மேற்கொண்டு வெந்துகொண்டுதான் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டதால் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாசமாய்ப் போக, எங்கள் எல்லாருக்கும் அது வசதியாகவும் இருந்தது.

அண்ணன் பகலில் தொட்டி, ராத்திரி வேப்பெண்ணெய் என்று காலத்தை ஓட்டினார். கத்திரிக்காயை அதற்கப்புறம் தொடவில்லை. யாராவது பார்த்துவிட்டால் பொய் வெளுத்துவிடுமே. வீட்டிலும் தொடவில்லை. நாலு பிள்ளைகள், ஏதாவது ஒன்று வெளியே உளறிவிடும் என்று மதினிக்கும் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அம்மாள், அன்றைக்கு வதக்கிப்போட்டுத் தானே புருசன் கையைக் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். 

ஏழெட்டு வருசம் கழித்து அவர் மூத்த மகளுக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் என்பதால் கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். பரிமாறியவன் வாளியோடு வந்தான். எண்ணெய்க் கத்திரிக்காய். "அண்ணனுக்கு வைக்காதடா, ஆகாது" என்று அந்தக் கோடியிலிருந்து யாரோ கத்தினார்கள். அவன் அவர் இலையைத் தாண்டி எனக்கு வைத்தான். இன்னும் வை என்றேன். முறைத்துக்கொண்டே வைத்தான்.

பந்தியில் எல்லாரும் ரசத்தில் மும்முரமாக இருந்தார்கள். நான் தோளில் கிடந்த துண்டை விரித்துக் குறுக்கே மறைத்துக்கொண்டு, அவ்வளவையும் அவர் இலைக்குத் தள்ளினேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"தின்னுங்கண்ணே."

"எவனாச்சும் பாத்துருவான்டா."

"நான் இருக்கேன்ல, தின்னுங்க."

தின்றார். வெடித்த விரலில் மசால் பட்டு எரிந்திருக்கும், ஒவ்வொரு வாய்க்கும் விரலை ஊதிக்கொண்டார். பந்தி முழுக்க எழுந்து கைகழுவப் போய்விட்டது. இலை எடுக்க வந்தவனிடம், எனக்கு இன்னும் மோர் வரவில்லை, கல்யாணமாய்யா நடத்துகிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். கூட்டமே என்னை வேடிக்கை பார்த்தது. கடைசிக் கத்திரிக்காய் அவர் வாய்க்குள் போகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.