மாப்பிள்ளை மேடு

கார் வாங்கியவன் அதை ஓட்டிக்கொண்டு சும்மா இருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. இதை இன்னும் கொஞ்சம் நன்றாக ஆக்கலாமே என்று அவனுக்கு ஒரு நாள் தோன்றும். சனி பிடிப்பது அங்கேதான். என்னைப் பிடித்த சனி, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வெளிநாட்டுக் கார் பத்திரிகையின் வடிவில் வந்தது.

அப்போது என்னிடம் பழைய சிவப்பு நிறச் சின்னக் கார் ஒன்று இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்த அந்தப் பத்திரிகையில்தான் 'காயிலோவர்' என்ற சொல்லை முதன்முதலாகப் படித்தேன். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். அடியில் மரை போட்ட பெரிய நட்டு ஒன்று. அதைத் திருகினால் கார் உயரும், இறங்கும். படத்தில் இருந்த கார் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. என் காரோ மழைத் தண்ணீரில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மாதிரி எக்கி நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் அக்கா வசந்தியைப் பெண் பார்க்கப் பொழிச்சலூரிலிருந்து சேகர் அத்தான் வந்தார். வாசலில் நின்ற காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "சூப்பரா மெயின்டெயின் பண்றீங்க மச்சான்" என்றார். (இன்னும் பஜ்ஜிகூடச் சாப்பிடவில்லை, அதற்குள் மச்சான்!) அக்காவுக்கு அவரைப் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்பதற்குள் எனக்குப் பிடித்துவிட்டது. இந்த மனிதர் ஆயுசு முழுக்க என்னைக் கார் தெரிந்தவன் என்று நினைக்க வேண்டும். கல்யாணத்துக்குள் காயிலோவர் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க விசாரித்தேன். என் காரை விற்றால் இரண்டு ஸ்பிரிங் வாங்கலாம் போலிருந்தது. ஆகவே மறுபடியும் பல்லாவரம் சந்தை. பழைய இரும்பு பரப்பி வைத்திருந்தவர் என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டார்.

"இன்னா சார் பாத்துகினே கீறே? ஃபாரின் மாலு. கப்பல்லேர்ந்து எறங்குனது."

"எந்தக் கார்ல இருந்ததுங்க?"

"எந்தக் கார்ல போட்டாலும் நிக்கும் சார்!"

நான் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கும் அம்மாவின் பிள்ளை நான். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தேன். லேசாக அமுங்கியதையெல்லாம் பொறுக்கிக்கொண்டேன். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் சவாரியும் மெத்தென்று இருக்கும் அல்லவா? (மெத்தைக் கடையில் இந்த அறிவு செல்லுபடியாகும்.)

குரோம்பேட்டையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் தேவராஜ் அண்ணன் ஜென்மத்தில் காயிலோவரைப் பார்த்ததில்லை. அது அவரைத் தடுக்கவில்லை. "படத்துல கீதில்ல? அப்போ பண்ணிடலாம் வுடு" என்றார். லேத்தில் கொடுத்து மரை போட வைத்தார். நட்டை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவும் இறக்கினோம். "சும்மா கப்பல் மாறி போவும் பாரு" என்று பானெட்டைத் தட்டினார். கப்பல்கள் மூழ்குவதும் உண்டு என்பது எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

சோதனை ஓட்டமாகக் கோவளம்வரை போய் வந்தேன், தனியாக. அந்தக் காலத்தில் எனக்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கார் மிதந்தது. திரும்பி வரும்போது எங்கள் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் அடியில் 'சர்ரக்' என்று ஒரு உரசல். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பூரித்துப்போனேன்.

அந்த ஸ்பீடு பிரேக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா எங்கள் சேலையூர் நகர் நலச் சங்கத்தின் செயலாளர். தண்ணீர் லாரிகள் தெருவில் பறக்கின்றன என்று மனு மேல் மனு எழுதிப் பார்த்தார். ஒன்றும் நடக்காததால் சங்கத்தாரைத் திரட்டி, கட்டட இடிபாடுகளைக் கொட்டி, மேலே தார் ஊற்றித் தாமே ஒன்றைக் கட்டிவிட்டார். அதன் உச்சியில் நின்றால் சேலையூர் ஏரி தெரியும். அப்பா வாழ்க்கையில் சாதித்தவை இரண்டு: ஒன்று அந்த மேடு, இன்னொன்று அக்காவின் சம்பந்தம்.

மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பா திறந்த கார் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். "நம்ம வீட்டுக் கார் இருக்கறப்போ வாடகைக் கார் எதுக்குப்பா?" என்று நான்தான் அதை ரத்து செய்ய வைத்தேன். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டதாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பூஜை முடித்து, கோட்டு சூட்டு மாலையோடு அத்தான் பின் சீட்டில் ஏறினார். அடுத்த நொடி அந்த வட்டாரத்துக் குழந்தைகள் அத்தனையும் ஏறின. மாப்பிள்ளை காரில் ஏறுவது குழந்தைகளின் பிறப்புரிமை என்பதும், மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த மாப்பிள்ளையும் தனியாக வருவதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பிறகு முன் சீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏறினார். நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்ததும் என் பக்க ஜன்னலில் தெரிந்த உலகம் கொஞ்சம் உயரமானது.

நாதஸ்வரம் முன்னே செல்ல, கார் நகர்ந்தது. டயர்கள் மட்கார்டில் தேய்ந்தன.

"ஏதோ கருகற வாசனை வருதே?" என்றார் தாய்மாமன்.

"சாம்பிராணிங்க" என்றேன்.

மண்டபத்துக்குத் திரும்பும் தெருமுனையில் அப்பாவின் மேடு வந்தது. முன் சக்கரங்கள் எப்படியோ ஏறி அந்தப் பக்கம் இறங்கின. 'டமார்' என்று காரின் வயிறு மேட்டின் மேல் உட்கார்ந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. நாதஸ்வரக்காரர்களோ திரும்பிப் பார்க்காமல் வாசித்தபடியே போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே விளக்குத் தூக்கியவர்களும் போய்விட்டார்கள். மாப்பிள்ளை இல்லாத மாப்பிள்ளை அழைப்பு மண்டபத்தை நோக்கி ஜோராக நடந்தது.

குழந்தைகளை இறக்கினோம். போதவில்லை. அத்தான் கதவில் கை வைத்ததும் தாய்மாமன் சீறினார். "நடுத்தெருவுல மாப்பிள்ளை எறங்கறதாவது! மண்டபத்து வாசல்ல ஆரத்தி எடுத்த பிறகுதான் கால் கீழ படணும். நல்ல நேரம் வேற போயிட்டிருக்கு. காருக்கே வக்கில்லாத எடத்துல பொண்ணெடுத்தா இப்படித்தான்!" பேசினாரே தவிர, தாம் இறங்குவதாக இல்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பா ஓடி வந்தார். குனிந்து காரின் அடியில் பார்த்தார்.

"டேய், ஸ்பீடு பிரேக்கருக்கு ஒண்ணும் ஆகலையே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபத்தில் அலங்காரம் செய்துகொண்டு காத்திருக்கும் அக்காவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. ஒரு ஸ்பிரிங்கால் அவள் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிஜமாகவே அழுதேன்.

பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஆரத்தியை ரெண்டு தடவை எடுத்துக்கலாம் மாமா" என்றபடி அத்தான் இறங்கினார். மாலையைக் கழற்றி அப்பா கழுத்தில் போட்டார். கோட்டைக் கழற்றித் தாய்மாமன் மடியில் வைத்தார். மாப்பிள்ளையே இறங்கிய பிறகு தாம் உட்கார்ந்திருப்பது நன்றாக இல்லை என்று அவரும் இறங்க, கார் பெருமூச்சு விட்டு எழுந்தது. அத்தான் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்.

"மச்சான், ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க. இன்னைக்கு வேற எதையும் இம்ப்ரூவ் பண்ணாதீங்க!"

கடைசியில் மண்டப வாசலில் கிரீஸ் சட்டையோடு மாப்பிள்ளை வந்து நின்றார். ஆரத்தித் தட்டைப் பிடித்திருந்த பெண்கள் இவரா, அவரா என்று மாலை போட்டிருந்த அப்பாவைப் பார்த்துத் திகைத்தார்கள். நல்ல நேரம் தப்பவில்லை. நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "போடா. புது மனுஷர் எப்படி இருப்பாரோன்னு காலைலேர்ந்து ஒரே பயமா இருந்தது. அந்தச் சட்டையைப் பார்த்ததும் சரியாப்போச்சு" என்றாள். அதைக் கேட்டு இன்னொரு முறை அழுதேன்.

மறு வாரமே தேவராஜ் அண்ணன் பழைய ஸ்பிரிங்குகளைப் போட்டுவிட்டார். கார் மறுபடி வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேட்டை மட்டும் அப்பா அசைக்க விடவில்லை. ஆட்டோக்காரர்கள் அதற்கு 'மாப்பிள்ளை மேடு' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் கேம்ப் ரோட்டில் ஆட்டோ ஏறினால், "மாப்ள மேட்டாண்ட வுட்டா போதுமா சார்?" என்று என்னையே கேட்கிறார்கள்.

அத்தான் அதன் பிறகு என் காரில் எத்தனையோ முறை வந்திருக்கிறார். தெருமுனை வந்ததும் இறங்கி, மேட்டை நடந்து கடந்து, அந்தப் பக்கம் கைகட்டி நிற்பார்.

சமீபத்தில் அவர் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். நல்ல படிப்பு, நாவலூரில் வேலை. எல்லோரும் சம்பளம், ஜாதகம் என்று விசாரித்து முடித்தார்கள். கடைசியாக அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையனின் தோளை அமுக்கிப் பார்த்தபடி கேட்டார்:

"தம்பி, வண்டி தள்ளுவீங்களா?"