ஜாடை டெய்லர்

ஜாடை டெய்லர் வந்து பார்த்துச் சொல்லாதவரை எங்கள் நீலசந்திராவில் எந்தக் குழந்தையும் முழுசாகப் பிறந்ததாகக் கணக்கில்லை. ஐம்பதுகளில் எங்கள் தெருவில் கோட்டு தைத்துக்கொண்டிருந்தவர். பிள்ளையை மடியில் வாங்கி, "காது அப்பன் காது, நெத்தி தாத்தா நெத்தி, அழுகை மட்டும் அத்தைக்காரியோடது" என்று பங்கு பிரித்துவிடுவார். சாவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. "அழாதம்மா, உன் புருஷன் குறட்டை எங்கயும் போகல, மூணாவது பையன்கிட்ட இருக்குது" என்றார் ஒரு முறை. பாடை தூக்க வந்த நாங்கள் சிரிப்பை அடக்கத் தவித்துப்போனோம்.

தொழிலில் ஒரு வில்லங்கம். நூலை அவர் மனைவிதான் எடுத்துக் கொடுக்கவேண்டும். அந்தம்மா ஊருக்குப் போயிருந்தபோது ஹெட்மாஸ்டரின் பழுப்புக் கோட்டைப் பச்சை நூலில் தைத்துவிட்டு, "ஒரே கலர்தானே சார், இன்னா இப்போ?" என்று சண்டைக்கு நின்றார். திமிர் என்றுதான் நினைத்தோம்.

தங்கை மகன் சேகர் மேல் அவருக்கு உயிர். நடை, சுருட்டை முடி, தும்மல், எல்லாம் மாமன் ஜாடையாம். பையனுக்கு ரயில் எஞ்சின் ஓட்டும் ஆசை. தேர்வானான், கண் பரிசோதனையில் எல்லாம் போயிற்று. சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை.

கண் டாக்டர் இங்கிலீஷில் பேசுவார் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். அவர் காட்டிய புள்ளிப் படத்திலிருந்த எண்ணைத் தங்கை பளிச்சென்று சொன்னாள். டெய்லர் எட்டிப் பார்த்து, "வெறும் புள்ளி, நம்பர் எங்க இருக்குது?" என்றார். ஹெட்மாஸ்டர் கோட்டின் பச்சை நூல் எனக்கு நினைவுக்கு வந்தது. டாக்டர் விளக்கினார்: இது அம்மா வழியாக மகனுக்கு இறங்கும் குறை, அதைச் சுமக்கிற அம்மாவுக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். டெய்லருக்கு அவர் அம்மாவிடமிருந்து, சேகருக்கு அவன் அம்மாவிடமிருந்து. மாமன் மருமானுக்கு எதையும் கொடுக்கவில்லை.

"நானா குடுத்தேன்? என் மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை வீட்ல வெச்சிருப்பாங்களாண்ணா?" என்று தங்கை கதறினாள். அந்த மாமியார் அப்படிப்பட்டவள்தான்.

திரும்பியபோது அந்த மாமியார் வாசலிலேயே நின்றிருந்தாள். டெய்லர் எங்களை முந்திக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினார்.

"டாக்டரே சொல்லிட்டாரு! மாமன் ஜாடை. என் கண்ணுதான் அவனுக்கு வந்துடுச்சு. தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்ல. வேணும்னா இவரைக் கேளுங்க."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதோடு சரி. அவர் குறை ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் பிள்ளையை அவர் மடியில் கொடுக்கவில்லை. அவரும் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. தலை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

எனக்கு மகன் பிறந்தபோது வீட்டில் தடுக்கத் தடுக்க, தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் கிடத்தினேன். "சொல்லுங்கண்ணே, யாரு ஜாடை?" அவர் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனிடமிருந்து ஏதாவது ஒட்டிக்கொள்ளுமென்றால் நன்றாக ஒட்டிக்கொள்ளட்டும் என்று பிள்ளையை அங்கேயே விட்டுவைத்திருந்தேன்.