கடைசிப் பக்கத்துப் பூ

"அது என்ன புக், திருமலை?" என்று அதிகாரி தேவிப்ரியா கேட்டபோது, திருமலைக்கு அந்தப் புத்தகத்தின் பெயர் தெரியவில்லை. இத்தனைக்கும் ஓர் ஆண்டாக மதிய உணவு வேளையில் அதைத்தான் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

வேங்கிக்காலில் இருந்த அந்த அரசு அலுவலகத்தில் திருமலை ஓர் உதவியாளர். அவருடைய பிரிவின் கண்காணிப்பாளர் ராமகிருஷ்ணன் தங்கமான மனிதர். ஆனால் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால், அடி அண்ணாமலையில் தாம் வாங்கிப் போட்டிருக்கும் மனையின் நான்கு எல்லைகளையும் சொல்லி முடிக்காமல் அதை மூடமாட்டார். அந்த எல்லைகளை நூறு முறை கேட்ட பிறகு திருமலை ஒரு வழி கண்டார். படிக்கிறவனை யாரும் தொந்தரவு செய்வதில்லை. வீட்டில் கைக்கு அகப்பட்ட ஒரு புத்தகத்துக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டுக் கொண்டுவந்தார். அன்று முதல் சோறு நிம்மதியாக உள்ளே இறங்கியது.

இப்போது அதிகாரி பதிலுக்குக் காத்திருந்தார்.

"இதுன்னு இல்லீங்க மேடம். பல துறையும் படிக்கறது," என்றார் திருமலை.

தேவிப்ரியா மகிழ்ந்துபோனார். அடுத்த மாதம் அலுவலகத்தில் வாசிப்பு நாள் விழா. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு யாரையும் பணிக்கு அனுப்பாத தேதியாகப் பார்த்து வைத்திருக்கிறார். எல்லாரும் குடும்பத்தோடு வருவார்கள். பேசுவதற்குத்தான் ஆள் கிடைக்காமல் இருந்ததாம்.

"பத்து துறை, பத்து புக். ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிஞ்ச எழுத்தாளர் வேணாம். நீங்களே தேடிக் கண்டுபிடிச்சதா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

திருமலை பழுப்புத்தாளைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ஏழாம் வகுப்பு அறிவியல், இரண்டாம் பருவம். மகள் எப்போதோ படித்து முடித்தது.

மருத்துவ விடுப்பில் போய்விடுவது என்ற முடிவோடு அன்று மாலை கீழ்பென்னாத்தூரில் பேருந்தைவிட்டு இறங்கினார். ஆனால் அவருக்கு முன்பே செய்தி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. ராமகிருஷ்ணன் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிவிட்டாராம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் கவிநிலா வாசலிலேயே நின்றாள்.

"நீ சாப்பிடறப்பகூட புக்கைக் கீழ வெக்க மாட்டியாமே? ஏம்பா எங்கிட்ட சொல்லவே இல்ல? எங்க தமிழ் மிஸ்ஸுகிட்ட நாளைக்கே சொல்லப் போறேன். ஃபங்ஷன்ல நான் முதல் வரிசை."

அவள் கண்களில் அன்று தெரிந்த அப்பா, திருமலைக்கே புதியவர். அந்த ஆளைக் கொன்றுவிட அவருக்கு மனம் வரவில்லை. விடுப்புக் கடிதம் சட்டைப் பையிலேயே கசங்கியது.

மறுநாள் மாலை, டவுனில் இருந்த ஒரு கிளை நூலகத்துக்குப் போனார். நூலகர் மங்களாம்பிகை அங்கே மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. யாரும் கேள்விப்படாத எழுத்தாளர்களாகப் பத்துப் பேரைச் சொல்ல முடியுமா என்று திருமலை தணிந்த குரலில் கேட்டார்.

"நான் கேள்விப்பட்டவங்களைத்தானே சார் நான் சொல்ல முடியும்?" என்றார் நூலகர்.

நியாயம்தான். திருமலை அலமாரிகளுக்கு நடுவே போய், திருவிழாவில் கைவிடப்பட்ட குழந்தையைப்போல் நின்றார். ஏதாவது ஒன்றை எடுப்பார். கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். முடிவைப் பார்த்தால் முழுதும் படித்த கணக்காகிவிடுமே என்ற ஆசை. அங்கேதான், தேதிச் சீட்டுக்குக் கீழே, பென்சிலால் போட்ட சின்னச் சின்னக் குறிகள் அவர் கண்ணில் பட்டன. ஒன்றில் வேல், ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் 'ந' என்ற எழுத்து.

அது பழைய வாசகர்களின் வழக்கம் என்று மங்களாம்பிகை விளக்கினார். படித்த புத்தகத்தையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடாமல் இருப்பதற்காக ஆளுக்கொரு அடையாளம் போட்டுக்கொள்வார்களாம். எல்லா ஊரிலும் உண்டு. நூலகர்கள் கண்டும் காணாமல் இருப்பார்கள்.

திருமலை துப்புத் துலக்கலானார். வேல் போட்டவர் பேய்க்கதையைத் தவிர எதையும் தொடவில்லை. நட்சத்திரம் குடும்ப நாவலைவிட்டு நகரவில்லை. 'ந' சோதிடத்திலேயே குடியிருந்தது. ஆனால் ஒரே ஒரு குறி மட்டும் எல்லா அலமாரிகளிலும் இருந்தது. ஆறு இதழ் கொண்ட ஒரு பூ. கோலத்தில் போடுவதுபோல் ஒரே இழுப்பில் போட்ட அழகான பூ. எறும்புகளைப் பற்றிய அறிவியல் நூலில் பூ. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் தன்வரலாற்றில் பூ. சமையலில், துப்பறியும் கதையில், புதுக்கவிதையில், உப்பின் வரலாற்றில், எல்லாவற்றிலும் பூ.

பூவுள்ள புத்தகங்களில் வேறு யாருடைய குறியும் இல்லை. தேதிச் சீட்டின் கடைசி முத்திரையோ பத்தாண்டுகளுக்கு முந்தியது. அப்படியானால் இந்த மனிதர் வீட்டுக்குக்கூட எடுத்துப் போவதில்லை, இங்கேயே உட்கார்ந்து படித்துவிடுகிறார் என்று திருமலை முடிவுகட்டினார். ஊர் கண்டுகொள்ளாததையெல்லாம் தனியொருவராகக் கண்டுகொண்டவர்! கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பூப்போட்ட மூன்று புத்தகங்களை அணைத்துக்கொண்டு வந்தபோது, அங்கே பெருக்கித் துடைத்து அடுக்கிவைக்கும் திரௌபதி, விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அவற்றையே பார்த்தாள்.

"இதையா சார் எடுக்கறீங்க? மூணையும்?"

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. எடுங்க. திரும்பி வந்தா மறுபடி தட்டுல வெக்கணும், அவ்ளோதான்," என்று பெருமூச்சுவிட்டாள்.

கனமான நூல்களைப் படிப்பவர்மேல் எளிய மக்களுக்கு இருக்கும் மரியாதை என்று திருமலை அதை எடுத்துக்கொண்டார்.

முன்னுரையை மட்டும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்வது என்பதுதான் திட்டம். போளூர் கமலவேணி என்பவர் எழுதிய 'எறும்புகளின் பொதுப்பணித் துறை' அந்தத் திட்டத்தைக் கெடுத்தது. மழைக்கு முன்பே எறும்புகள் தங்கள் வாசலுக்குக் கரை கட்டும் அத்தியாயத்தில் திருமலை நுழைந்தார். நடத்துநர் தோளைத் தட்டியபோதுதான் நிமிர்ந்தார். பேருந்து நின்றிருந்தது, சுற்றிலும் இருந்தது அவருடைய ஊர் இல்லை.

மனைவி வள்ளி தொலைபேசியில் அழைத்தாள். "எங்க இருக்கீங்க?"

"செஞ்சியில."

"செஞ்சியில இன்னா?"

"எறும்பு," என்றார் திருமலை. அதற்குமேல் விளக்க அவரால் முடியவில்லை.

இனிப் பேருந்தில் படிப்பதில்லை என்று அலுவலகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கத் தொடங்கினார். அது இன்னும் மோசமாயிற்று. ஒரு கோப்பில் "மேற்படி மனுதாரர்" என்று எழுத வேண்டிய இடத்தில் "மேற்படி எறும்பு" என்று எழுதிக் கையொப்பமும் போட்டுவிட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதனால் அலுவலக நேரத்தை விட்டுவிட்டு, மதிய உணவு வேளையில் மட்டும் படித்தார். ஆனால் படித்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அருகில் இருந்தவர் ராமகிருஷ்ணன்.

கலங்கரை விளக்கக் காவலர் பதினெட்டு ஆண்டுகள் எந்தெந்தக் கப்பலுக்குக் கையசைத்தார் என்பதை ராமகிருஷ்ணன் மூன்று மதியங்கள் கேட்டார். உப்பின் வரலாற்றை ஒரு வாரம் கேட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை, பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

நூல்கள் ஆறு ஆயின, ஏழு ஆயின. படவேடு ஏகநாதன் எழுதிய துப்பறியும் கதையில் கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை. கொலைகாரன் யாரென்று தெரியாமல் அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாதிட்டார்கள். சமையல் நூலைப் பார்த்துத் திருமலை வைத்த வெண்டைக்காய்க் குழம்பை வள்ளி மறுபடி கேட்டாள். வீட்டில் இப்போது இரவுச் சாப்பாட்டின்போது தொலைக்காட்சி ஓடுவதில்லை என்பதை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

ஆனால் பூ தீர்ந்துவிட்டது. ஏழாவதுக்குப் பிறகு எந்த அலமாரியில் தேடியும் கிடைக்கவில்லை. விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. தாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திருமலைக்குத் துணிவில்லை. வழிகாட்டியை இழந்த பயணியின் நிலைமை. ஒரு துண்டுத்தாளில், "ஐயா அல்லது அம்மா, அடுத்து எதைப் படிக்கலாம்? தங்கள் பூவின் அடியவன்" என்று எழுதித் திருப்பிக் கொடுக்கும் புத்தகத்துக்குள் வைத்தார்.

நான்கு நாள் கழித்துப் போனால், அடித்தட்டில் புதிதாக மூன்று பூக்கள்! பென்சில் தூள்கூட உதிர்ந்திருக்கவில்லை. திருமலைக்குக் கண் கலங்கியது. மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்துத் திரௌபதி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இதையுமா சார்? நேத்துதானே..."

"நேத்துதானா! நீயும் பாத்தியா? யாரும்மா அவரு?" என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஊருக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது. ஓடினார்.

விழா நாளன்று கூட்ட அறை நிறைந்திருந்தது. முதல் வரிசையில் கவிநிலா தன் தமிழ் ஆசிரியையையும் அழைத்துவந்து உட்கார்ந்திருந்தாள். காட்சிக்கு வைப்பதற்காகப் பத்துப் புத்தகங்களையும் மங்களாம்பிகை ஒரு பையில் போட்டுத் திரௌபதியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவள் அவற்றை மேசைமேல் அடுக்கிவிட்டு, திரும்ப எடுத்துப் போவதற்காகக் கதவோரம் நின்றாள்.

திருமலை நாற்பது நிமிடம் பேசினார். எறும்பிலிருந்து உப்புக்கும், உப்பிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து கவிதைக்கும் அவர் நடந்த நடையில் கூட்டம் பின்னாலேயே போயிற்று. கொலைகாரன் யாரென்று கண்டுபிடிக்க இரண்டாம் வரிசையில் கையே தூக்கிவிட்டார்கள். முடிக்க வேண்டிய இடத்தில் அவர் கொஞ்சம் நின்றார். மகளைப் பார்த்தார்.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன மாசம் வரைக்கும் நான் கையில வெச்சிருந்தது என் பொண்ணோட ஏழாங்கிளாஸ் சயின்ஸ் புக். அதையும் படிக்கல. இந்தப் பத்தையும் நான் கண்டுபிடிக்கல. பூ போட்ட ஒரு பெரிய வாசகர் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அவரு யாருன்னு எனக்குத் தெரியாது."

கவிநிலா ஒரு கணம் திகைத்தாள். பிறகு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக் கைதட்டினாள். திருமலையும் சிரித்துவிட்டார்.

தேவிப்ரியா நெகிழ்ந்துபோய், மேசைமேல் இருந்த இரண்டு பொன்னாடைகளில் ஒன்றைத் திருமலைக்குப் போர்த்தினார். இன்னொன்றைக் கையில் எடுத்தார். "அந்தப் பூ வாசகர் நம்ம ஊர்க்காரர்தான். ஒருவேளை இங்கயே இருக்கலாம். இருந்தா எழுந்திருக்கணும்னு கேட்டுக்கறேன்."

எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, பழுப்புத்தாள் புத்தகத்தை மடியில் வைத்திருந்த ராமகிருஷ்ணன் மெல்ல எழுந்தார்.

"சொல்லவே வேணாம்னு இருந்தேன், மேடம். எனக்கு அடக்கம் கொஞ்சம் ஜாஸ்தி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கணக்குப் பிரிவு ஹைமவதியும் எழுந்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே தாம் பூதான் போடுவது வழக்கம் என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வை இலக்கியத்தரமாக இல்லை. தேவிப்ரியா தயங்கினார், பிறகு ஒரு யோசனை தோன்றி, இருவரிடமும் காகிதமும் பென்சிலும் கொடுத்துப் பூவைப் போட்டுக் காட்டச் சொன்னார். ராமகிருஷ்ணன் போட்டதில் ஐந்து இதழ் இருந்தது. பார்ப்பதற்கு மனை வரைபடம்போல் இருந்தது. ஹைமவதி எட்டு இதழ் போட்டு இலையும் சேர்த்தார்.

கதவோரம் நின்றிருந்த திரௌபதி வெகுநேரமாகப் பையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் மேசைக்கு வந்து, பென்சிலை வாங்கி, ஒரே இழுப்பில் ஆறு இதழையும் போட்டு வைத்துவிட்டு, திருமலையைப் பார்த்துச் சொன்னாள்:

"பத்து வருஷமா யாருமே தொடாத புக்கா பாத்து, எடைக்குப் போடறதுக்குப் பூ போட்டு வெய்யின்னு பழைய லைப்ரரி சாரு சொல்லிட்டுப் போனாருங்க, நான் போடப் போட நீங்க எடுத்துனு போய்ட்டே இருந்தா, நான் எப்பதான் சார் கட்டு கட்டறது?"