மாமாவுக்கு உடம்பு வைத்த கதை

பிள்ளைகளே, எங்கள் சனத்துக்கு ஒருவருடைய சுகத்தை அறிய ஒரேயொரு வழிதான் தெரியும். ஆள் கொழுத்திருந்தால் சுகம், மெலிந்திருந்தால் வருத்தம். (மெலிந்தவன் மணம் முடித்தவனாக இருந்தால், மனைவியின் சமையல் பிழை.) இந்தக் கணக்கை நம்பித்தான் உங்கள் அம்மப்பாவைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். பிழை முழுக்க என்னுடையது இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அம்மப்பா, அதாவது என் மாமா, முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவர். இடம்பெயர்ந்து விசுவமடுவில் எங்களோடு வந்து இருந்தபோது அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டிருந்தது. முற்றத்துக்கும் வாசலுக்கும் நடந்தாலே மூச்சு இளைக்கும். ஆஸ்பத்திரி டொக்டர் குளிசை தந்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். பிறகு, "அடிக்கடி நிறுத்துப் பாருங்கோ. எடை கூடினா உடன கொண்டு வாங்கோ" என்றார்.

ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடை கூடினால் நல்லது என்பது ஊரறிந்த விஷயம். கொண்டுபோய்க் காட்டினால் டொக்டரும் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று எடுத்துக்கொண்டேன்.

உப்பைக் குறைத்தேன். குசினியில் உப்புப் போத்தலையே ஒளித்துவைத்தேன். கறி சப்பென்று இருக்க, மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே கருவாட்டைத் தாராளமாகப் பொரித்துக் கொடுத்தேன். கருவாடு மீன்தானே? டொக்டர் உப்பு என்றுதான் சொன்னவர். கருவாடு என்று வாய் திறக்கவில்லை.

மாமா கொழுக்கத் தொடங்கினார்.

ஆளை நிறுக்கிற தராசு ஊரில் இல்லை. சைக்கிளில் ஏற்றி நெல் ஆலைக்குக் கொண்டுபோய், மூட்டை நிறுக்கிற தராசில் அவரை நிற்பாட்டுவேன். போகப் போக எடை ஏறியது. ஆலைக்காரர் அதைச் சத்தமாக வாசிப்பார். நெல் குத்த வந்த சனம் சுற்றி நின்று பார்க்கும்.

"இந்தப் போகம் ஐயா நல்ல விளைச்சல்" என்றார் ஆலைக்காரர். நானே உழுது விதைத்தவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மாமாவின் கால்கள் செருப்புக்குள் போக மறுத்தன. வாரை வெட்டிவிட்டேன். அந்த வயதிலும் கால் வளருமோ என்று வியந்தேன் என்றால் பாருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"இஞ்சருங்கோ, அப்பா படுக்கிறாரில்லை. கதிரையில இருந்தபடிதான் நித்திரை கொள்ளுறார்."

"வயிறு நிறைஞ்ச மனுசன் எப்பிடிப் படுக்கிறது?"

"மூச்சு வாங்குது."

"கொழுத்தா மூச்சு வாங்கும்தானே."

அவா என்னைப் பார்த்த பார்வையில் எழும்பிப் போய் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு மெசினைப் பிடித்து வந்தேன். பயத்தில் இல்லை, டொக்டருக்குக் காட்டத்தான். பின்பெட்டியில் தலையணை வைத்து மாமாவை இருத்தி, பக்கத்தில் டொக்டருக்கென்று ஒரு குலை கதலி வாழைப்பழமும் ஏற்றினேன். வழியெல்லாம் மாமா கதைக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்தபடி இருந்தார். உதடு கறுத்திருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் குடை பிடித்தேன்.

வாழைக்குலையை மேசையில் வைத்து, "ஐயா சொன்ன மாதிரியே எடை கூட்டிக் கொண்டு வந்திருக்கிறன்" என்றேன்.

டொக்டர் குலையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குனிந்து, மாமாவின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அமத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இது சதை இல்லை, தண்ணி. இதயத்துக்குப் பலமில்லாததால உடம்பில தேங்கின தண்ணி. இப்ப நெஞ்சுக்கும் ஏறீட்டுது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஆள் இல்லை."

என்ன சாப்பாடு கொடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன். "அண்ணை, கருவாடு எப்பிடிச் செய்யிறவை?" என்றார்.

"வெயிலில காயவைச்சு" என்றேன். உப்பில் புரட்டித்தான் காயவைப்பார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமாவுக்கு ஊசி போட்டார்கள். தேங்கிய தண்ணீர் சிறுநீராய்ப் போனது. ஒருநாள் மத்தியானம் அவர் மல்லாந்து படுத்து, வாயை மூடி நித்திரை கொண்டார். உங்கள் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதா. என்னோடு அப்போதும் கதைக்கவில்லை.

இனித்தான் அநியாயத்தைக் கேளுங்கள். பிழைத்து வந்த மாமா முற்றத்தில் இளைப்பில்லாமல் நடக்கிறார். ஆனால் தண்ணீர் வடிந்த உடம்பு ஈர்க்குப்போல இருந்தது. பார்க்க வந்த சனமெல்லாம் என்னை முறைத்தது. "போகேக்க எப்பிடி இருந்த மனுசன். மருமோன் சாப்பாட்டில கை வைச்சிட்டாரோ?" என்று என் காதுபடவே கேட்டவர் வேறு யாருமில்லை, மனுசன் சாகக் கிடந்தபோது விளைச்சல் என்ற அதே ஆலைக்காரர்.

அதுவும் போதாதென்று, அடுத்த முறை கொண்டுபோய்க் காட்ட, டொக்டர் முகத்தைச் சுளித்தார்.

"சரியா மெலிஞ்சு போனார். முட்டை, பயறு எண்டு குடுங்கோ. இந்த வருத்தக்காரரில கொஞ்சம் சதை பிடிச்சவைதான் தாக்குப் பிடிக்கினம். உருகிப் போறவை கெதியாப் போயிடினம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கூடினாலும் ஏசுறீங்கள், குறைஞ்சாலும் ஏசுறீங்கள். எடை கூடோணுமோ, குறையோணுமோ?"

"சதை கூடோணும். தண்ணி கூடப்படாது."

"தராசு ரெண்டையும் ஒரே மாதிரித்தானே காட்டுது?"

அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். நாலைந்து நாளில் கிடுகிடுவென்று ஏறினால் தண்ணீராம். மாதக் கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் சதையாம். சந்தேகம் என்றால் காலை அமத்திப் பார்க்கட்டாம். இதை முதலே சொல்லியிருந்தால் என்ன வாய் நொந்திருக்கும்?

மாமா அதன் பிறகு சில வருஷம் இருந்தார். சின்னவள், நீ பிறந்த அன்று மருத்துவிச்சி உன்னை நிறுத்துவிட்டு, "நல்ல எடை, கொழுகொழுவெண்டு இருக்கிறா" என்றா. வீடு நிறையச் சனம். பெருமையோடு நான் வாய் திறக்க முதல், மாமா கதிரையில் இருந்தபடி சொன்னார்:

"மருமோன், சதையோ தண்ணியோ எண்டு அமத்திப் பாருங்கோ."

மருத்துவிச்சி உன்னைத் தொட்டிலில் கிடத்திவிட்டுச் சிரித்தா. உங்கள் அம்மா சிரித்தா. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது கொழுத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எனக்கு இதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் சனம் கலைந்த பிறகு, ஒருவரும் பார்க்காத நேரமாய், உன் காலை மெல்ல அமத்திப் பார்த்தேன். சதைதான்.